உன் கண்டென்சர் மீது புகார்

ஆண்டர்சன்பேட்டை,
டிசம்பர் 9

அன்பு மகள் இசபெல்லாவுக்கு அப்பா ஞானதாஸ் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, என் பிளட் பிரஷர் மூவரும் சுகம். புனேயில் உன் சுகத்துக்கு மாதாவை வேண்டுகிறோம்.

விஷயம் ஆபீஸ் சம்பந்தப்பட்டது. எங்கள் கோலார் தக்காளி கோல்டு ஸ்டோரேஜுக்கு அம்மோனியாவின் சூட்டை இறக்க நீ டிசைன் செய்த கண்டென்சர் சரியில்லை. டிசைன் செய்தவரே நேரில் வர வேண்டும் என்று உன் கம்பெனிக்குப் புகார் அனுப்பிவிட்டேன். முதல் குறை, அளவு. பழையது லாரி நீளம். உன்னுடையது பீரோ அளவுகூட இல்லை. அம்மோனியாவும் கொஞ்சம்தான் பிடிக்கிறது. தினமும் கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் காட்டுறேன். கசிவு இருந்தா வெள்ளைப் புகை வரணும், வரவே மாட்டேங்குது. இன்னா மிஷினும்மா இது? மேனேஜர் மனோகர் வேற, "கரண்ட்டே இழுக்கல சார், உங்க பொண்ணு சூப்பர்"ங்கிறார். பொண்ணைப் பாத்து ரெண்டு கிறிஸ்மஸ் ஆச்சுன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது?

பெரிய குறை ஞாயித்துக்கிழமை. பழைய கண்டென்சர்ல எண்பது குழாய். நம்ம தண்ணியோட உப்பு படிஞ்சா சூடு இறங்காதுன்னு, பூசை முடிஞ்சு நேரா போய் பிரஷ் விட்டுத் தேய்ப்பேன். ஸ்கூல் படிக்கிறப்ப நீ அந்தப் பக்கம் நின்னு டார்ச் அடிப்ப. அடைப்பு போச்சான்னு இந்தப் பக்கம் கண்ணை வெப்பேன். குழாய்க் கடைசியில உன் ஒத்தக் கண்ணு தெரியும். "தெரியிறேனாப்பா?"ன்னு கத்துவ. "தெரியிறம்மா, அடுத்த குழாய்க்குப் போ!" எண்பது தடவை. உன்னோடதுல வெறும் தகடு. மருந்துத் தண்ணி ஓட்டுனா தானே கழுவிக்குது. நான் எங்கம்மா கண்ணை வெச்சுப் பாக்கிறது?

"தினம் போன்ல பேசுறீங்களே, அப்புறம் இன்னாத்துக்கு லெட்டரு?"ன்னு உங்கம்மா கேக்குறா. போன்ல அழுதா தெரிஞ்சிடும்.

வேளைக்குச் சாப்பிடு. மாதா உன் கூடவே இருப்பார்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள உன் கம்பெனியிலிருந்து ஆள் வந்தாச்சு. நீ இல்ல, பிரதாப்னு ஒரு இன்ஜினியர். என் கந்தகத் திரியையே வாங்கி எல்லா ஜாயின்ட்டிலும் காட்டினார். "ஒரு குறையும் இல்ல சார்"னு கையெழுத்து வாங்கிக்கிட்டார். நீதான் வருவேன்னு உங்கம்மா குடுத்தனுப்பின ரோஸ் குக்கீஸையும் அவரே தின்னுட்டுப் போனார். ஆகவே மேற்படி புகார்கள் அனைத்தும் ரத்து. மிஷின்ல குறையே இல்ல. நீ சும்மா வாம்மா.