ஒரே ஒரு பந்தை விடுங்க மாப்பிள்ளை

இயேசு மரி சூசை துணை

மரியநாதன்கொட்டாய்,
இண்டூர் அஞ்சல்,
தர்மபுரி மாவட்டம்.
15-11-1986

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை ஞானராஜ் அவர்களுக்கு, தங்கள் மாமனார் ஆகக் காத்திருக்கும் மரியசூசை அநேக தோத்திரங்களோடு எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். சர்வேசுரனுடைய தயவாலும் போன மாதம் பெய்த மழையாலும் இங்கே எல்லோரும் சுகம். தங்கள் அத்தை இன்னாசியம்மாளுக்கு மூட்டுவலி பரவாயில்லை. கேழ்வரகு கதிர் பிடித்திருக்கிறது. சப்பான் தேசத்தில் தாங்களும், தங்கள் முதலாளியும், தங்களுக்குச் சோறு போடும் விடுதி அம்மாளும் சுகமாய் இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் வேண்டிக்கொள்கிறேன். நிற்க.

தங்கள் கடிதம் கிடைத்துப் படித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓசூர் கம்பெனியில் இருந்து ஒரு வருடப் பயிற்சி என்று போன நீங்கள், பம்பு செய்யக் கற்றுக்கொண்டு வருவீர்கள் என்றுதான் இருந்தேனே தவிர, அந்தச் சப்பான் கம்பெனியின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பராக நிற்பீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. வருகிற டிசம்பரில் கடைசி ஆட்டத்தில் உங்கள் மினாகவா பம்பு அணி தோற்றால் மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிடும், முதலாளி அணியையே கலைத்துவிடுவார், நீங்கள் சொன்னபடி ஜனவரியில் வந்து ராஜமேரிக்குத் தாலி கட்டலாம். ஜெயித்தால் அணி பிழைத்துக்கொள்ளும், ஆனால் வேறு கோல்கீப்பர் இல்லாததால் உங்களை இன்னும் ஒரு வருடம் நிறுத்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு, 'மாமா, நான் என்ன செய்யட்டும்?' என்று என்னையே கேட்டால் நான் என்னத்தைச் சொல்வேன் மாப்ளே? அதிலும் இந்த மூன்றாம் பிரிவுக்கு இறங்குகிற விசயம் எனக்குப் பிடிபடவே இல்லை. நம்ம பள்ளிக்கூடத்துல ஃபெயிலானா அதே வகுப்புல உக்கார வெப்பாங்களே தவிர, நாலாவது படிக்கிற புள்ளையைப் புடிச்சு மூணாவதுல கொண்டு போய் உக்கார வெச்சதா கேள்விப்பட்டிருக்கீங்களா? அந்த ஊருல என்ன சட்டமோ என்னமோ.

இங்க நடக்கற கூத்துக்கெல்லாம் காரணம் ஆவணியில நீங்க எழுதுன அந்த நீளமான லெட்டர்தான், உங்க பந்தாட்டச் சங்கத்தோட சரித்திரம்னு எழுதியிருந்தீங்களே, அது. நான் பாட்டுக்குப் படிச்சிட்டு உத்தரத்துல செருகியிருப்பேன். நம்ம பி.டி. வாத்தியார் அருள்நாதன் இருக்காரே, கால்பந்துன்னு எழுதியிருந்தா பழைய பேப்பரைக்கூட விடாத மனுசன், அதை வாங்கிட்டுப் போயி டீக்கடையில நின்னு சத்தம் போட்டுப் படிச்சிட்டாரு. உலகச் சண்டை முடிஞ்ச காலத்துல வார்ப்படம் ஊத்தற ஆளுங்க பந்து வாங்க வழியில்லாம பழைய மெஷின் பெல்ட்டைத் தைச்சு உருட்டி உதைச்சதுல ஆரம்பிச்சு, மூக்குக்கண்ணாடியைக் கயித்தால கட்டிக்கிட்டு கோலுக்கு நின்ன ஃபோர்மேன் ஓகாடா முதல் ஆட்டத்துல பதினோரு கோல் வாங்கிட்டு, முதலாளிகிட்ட போயி, 'பன்னெண்டாவதை விடலை பாத்தீங்களா'ன்னு கேட்டது வரைக்கும் ஒண்ணு விடாம படிச்சாரு. எதிராளிங்க பனியில மாட்டிக்கிட்டு வராததால முதல் தடவை ஜெயிச்சு, அதுக்கு ஃபேக்டரிக்கே அரைநாள் லீவு விட்டதையும், மேல இருந்த ரெண்டு டீமு சண்டை போட்டுக்கிட்டு விலகிப் போனதால இவங்க ரெண்டாம் பிரிவுக்கு ஏறுனதையும் கேட்டு ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. அதோட விட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். ஒரு வருசம் ஆத்துல வெள்ளம் வந்து கோல் கம்பத்தை அடிச்சிக்கிட்டுப் போயி, தேடிப் போனா நாலு ஊரு தள்ளி ஒரு விவசாயி அதுல வெள்ளரிக்கொடி ஏத்தி விட்டிருந்தாராம். காய் ஓயற வரைக்கும் கம்பத்தைக் கேக்கக் கூடாதுன்னு இவங்க அந்த வருசம் பூராவும் அடுத்தவன் ஊருலயே ஆடித் தோத்தாங்களாம். அவ்வளவுதான். அன்னைக்கு சாயங்காலமே மரியநாதன்கொட்டாய் மொத்தமும் மினாகவா கட்சியாயிருச்சு. வெள்ளாமைக்காரன் காய் ஓயட்டும்னு காத்துக்கிட்டிருந்த மனுசங்க தோக்கலாமாங்கன்னு என்கிட்டயே நியாயம் கேக்கறாங்க.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஆட்டம்னு தெரிஞ்சு வாத்தியார் ட்ரான்சிஸ்டரைத் தூக்கிக்கிட்டு எங்க களத்துக்கு வந்துட்டாரு. கம்பியைத் தென்னை மரத்துல கட்டி, முள்ளைத் திருகித் திருகி, கடைசியில ஒரு ஆளு மூச்சு விடாம கத்தறது கேட்டுச்சு. சப்பான் பாஷைதான்னு அடிச்சுச் சொன்னாரு வாத்தியார். தமிழு கன்னடம் தெலுங்கு மூணும் இல்லைன்னு எங்களுக்கே தெரிஞ்சதால நாங்களும் ஒத்துக்கிட்டோம். சத்தம் ஏறுனா நம்ம கோலு, சத்தம் இறங்குனா நீங்க பந்தைப் புடிச்சிட்டீங்க, அப்பிடின்னு கணக்கு வெச்சு ஆறு கோலுல ஜெயிச்சு, தீபாவளிக்கு வாங்கி வெச்சிருந்த சரவெடியைக் கொளுத்துனாங்க. அது நேரா என் வைக்கோப்போருல போயி விழுந்துச்சு. ஊரே குடத்தோட ஓடியாந்து அணைச்சு, பாதிப் போரு மிச்சம். பதினைஞ்சு நாளு கழிச்சு உங்க லெட்டரு வருது, அன்னைக்கு அங்க புயலாம், ஆட்டமே நடக்கலையாம். அப்ப அந்த ஆறு கோலு யாரு போட்டாங்கன்னு இன்னும் யாருக்கும் தெரியலை.

அதாவது போவுது, வைக்கோலுதான். ஓலைக் கூத்தைக் கேளுங்க. நீங்க ஜனவரியில வர்றது உறுதின்னு நம்பி, நல்ல காரியத்தை எதுக்கு ஆறப்போடணும்னு நானே சாமியாரு பின்னாடி அலைஞ்சு, மூணு ஞாயித்துக்கிழமை பூசையில கல்யாண ஓலையைப் படிக்க ஏற்பாடு பண்ணேன். முதல் ஞாயிறு நல்லா முடிஞ்சுது. அதுக்கப்புறம் கடைசி ஆட்டத்தைப் பத்தி நீங்க எழுதுன லெட்டர் வந்து டீக்கடை வரைக்கும் போயிருச்சு. போன ஞாயிறு ரெண்டாவது ஓலை. பேரைப் படிச்சிட்டு சாமியாரு வழக்கம்போல, 'இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிஞ்சவங்க சொல்லுங்க'ன்னாரு. எத்தனை வருசமா படிக்கிறாரு, ஒருத்தரு தும்முனதுகூடக் கிடையாது. அருள்நாதன் எந்திரிச்சு நின்னாரு.

"தடை இருக்குதுங்க சாமி."

கோயிலே திரும்பிப் பாத்துச்சு. உங்களுக்கு அங்க ஒரு குடும்பம் ஆயிருச்சோன்னு உங்க அத்தைக்கு மயக்கமே வந்துருச்சு.

"என்ன தடை?"

"மாப்பிள்ளை கோல்கீப்பருங்க சாமி. அவரு ஜனவரியில வரணும்னா அந்த டீமு அழியணும். பாவப்பட்ட டீமு ஒண்ணை அழிச்சு அதுமேல பந்தல் போடறது நமக்கு அடுக்குமாங்க?"

சாமியாரு ஓலையை மடிச்சு வெச்சாரு. அப்புறம், ரத்த உறவு தடை, ஏற்கெனவே கட்டின தாலி தடை, கோல்கீப்பருங்கறது திருச்சபைச் சட்டத்துல தடையில்லை, உக்காருங்க வாத்தியாரேன்னாரு. எனக்கு உசிரு வந்துச்சு. பூசை முடிஞ்சு நன்றி சொல்லலாம்னு உள்ள போனா, அங்கியைக் கழட்டிக்கிட்டே என்கிட்ட மெதுவா கேக்கறாரு, "கடைசி ஆட்டம் யாருகூட?"

இப்பிடி ஊரு, வாத்தியாரு, சாமியாரு எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒருத்தன் ஒரு பக்கம். அந்தோனியார் சுரூபம் இருக்கற கெபியில ஒரு மெழுகுவத்தி ஏத்தி, உங்க டீமு தோக்கணும்னு வேண்டிக்கலாம்னு போனா, அங்க வரிசையா எரியறது எல்லாம் நீங்க ஜெயிக்க ஏத்துன வத்தி. என் வத்தியை எங்க நடறதுன்னு இடமே இல்லை. சரி, மலைக்காரங்க சாமி கேக்கட்டும்னு வத்தல்மலையில இருந்து சாமை கொண்டாற சென்றாயனைப் புடிச்சு, வேடியப்பனுக்கு ஒரு சேவலு நேந்துக்கப்பா, எதிர் டீமு ஜெயிக்கணும்னு சொன்னேன். அவன் தலையைச் சொறியறான். "நான் உங்க மாப்பிள்ளை டீமுக்குன்னு போன வாரமே நேந்துட்டனுங்களே. ஒரே ஆளு ரெண்டு கட்சிக்கும் சேவலு நேந்தா சாமி என்னைய என்னான்னு நினைக்கும்?" என் சோத்தைத் தின்னுட்டு என்கிட்டயே சொல்றான் மாப்ளே. சாமையை மட்டும் அளந்து குடுத்துட்டுப் போயிட்டான்.

ராஜமேரிக்கு வயசு இருபத்தஞ்சு ஆவுது. பாப்பாரப்பட்டி சந்தையில தக்காளி விக்கற பாஞ்சாலிகூட, 'சப்பான் மாப்பிள்ளை வருவாராங்க'ன்னு இழுக்கறா. ஒரு வருசம்னு சொல்லுவாங்க, அது ரெண்டாவும், மூணாவும். எனக்கு பயமா இருக்குது. வெளிய சிரிச்சுக்கிட்டு இருக்கேன், உள்ள பயந்துக்கிட்டு இருக்கேன். அதனால வெக்கத்தை விட்டுக் கேக்கறேன். கோயிலுக்கு ஓடு மாத்தும்போது கீழ இருந்து நாங்க வீசுன ஓட்டை மேல நின்னு ஒண்ணுகூட நழுவாம புடிச்சீங்க, அதைப் பாத்துதான் இந்தப் பையனுக்கே பொண்ணைக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணேன். அந்தக் கையே இன்னைக்கு எனக்கு எமனா வந்து நிக்குது. ஒரே ஒரு பந்தை விடுங்க மாப்பிள்ளை. நிறைய வேண்டாம், ஒண்ணு போதும். குனியும்போது இடுப்பு புடிச்சிக்கிச்சுன்னு சொல்லுங்க, கண்ணுல வெயிலு அடிச்சுதுன்னு சொல்லுங்க. அந்த ஊருல டிசம்பருல வெயிலு இல்லைன்னா பனின்னு சொல்லுங்க. பதினோரு கோலு வாங்கின ஓகாடாவையே யாரும் ஒண்ணும் சொல்லலை, உங்களைச் சொல்லிருவாங்களா?

மற்றபடி எழுத விசேசம் ஒன்றுமில்லை. குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளவும். பச்சை மீனைத் தின்ன வேண்டாம், விடுதி அம்மாளிடம் ஒரு கொதியாவது வைக்கச் சொல்லவும். மாதாவும் சகல சம்மனசுகளும் தங்களை ஜனவரிக்குள் பத்திரமாய்க் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வரவையே எதிர்பார்க்கும்,
சூ. மரியசூசை

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் படிக்க வேண்டாம். படிச்சிட்டீங்கன்னா மறந்துடுங்க. ஒட்டறதுக்கு முன்னாடி உங்க அத்தைக்கு ஒருதரம் படிச்சுக் காட்டுனேன். அடுப்பங்கரையில ராஜமேரி இருக்கறது நெனப்பில்லை. ஒரே ஒரு பந்துங்கற இடம் வந்ததும் கரண்டியோட வந்து நின்னா. கத்தலை. "கல்யாணம் ஒரு வருசம் தள்ளிப்போனா நான் ஒண்ணும் கெட்டுப்போயிட மாட்டேன்பா. வேணும்னே கோலு விட்டுட்டு வர்ற ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது. நான் காத்துக்கிட்டு இருக்கறது அவருக்கு இல்லை"ன்னா. சொல்லிட்டு அடுப்பை அணைச்சுட்டு நேரா சாமியாருகிட்ட போயி, மூணாவது ஓலையை நாளைக்குப் படிக்க வேண்டாம், அடுத்த வருசம் படிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டா. எனக்கு அழுகை வந்துருச்சு மாப்ளே, ஆனா நீங்க நினைக்கிற மாதிரி அழுகை இல்லை. எங்கிருந்து வந்துச்சு இவளுக்கு இந்தத் தைரியம், என் வழியில இல்லை, உங்க அத்தை வழியிலயும் இல்லை. கெபிக்குப் போயி கொஞ்சம் இடம் ஒதுக்கி நானும் ஒரு வத்தி ஏத்திட்டு வந்தேன், எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்லை. இன்னும் எழுதலாம்னு பாத்தா, பாக்கி இடத்தை எனக்கு விடுங்கன்னு பேனாவைப் புடுங்கறா.

ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது. நான் எங்கயும் போயிட மாட்டேன்.
ராஜமேரி