சின்ன மாமாவின் துண்டை விழுங்கிய மெஷின்

நகைக்கடைக்குள் போனால் கால் நகராது என்று சொல்லும் பெண்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். எனக்கு ஹார்டுவேர் கடை. ஸ்பேனர் செட்டைச் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாகப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள் பாருங்கள், அதைப் பார்த்துவிட்டால் என் கை சும்மா இருக்காது. வாங்கிவிடுவேன். வாங்கி என்ன செய்வேன் என்று மட்டும் கேட்காதீர்கள். அதைத்தான் என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வீட்டு ட்ரில்லிங் மெஷின் இதுவரை ஓர் ஓட்டை போட்டதில்லை. காலண்டர் மாட்டத்தான் அதை வாங்கினேன். காலண்டர் இன்றைக்கும் குழவிக்கல்லால் அடித்த ஆணியில்தான் தொங்குகிறது. பெஞ்சில் பூட்டி வைக்கிற இடுக்கி, பெஞ்ச் வைஸ் இருக்கிறது, வீட்டில் பெஞ்ச் கிடையாது. ரசமட்டம் ஒன்று வாங்கி அலமாரி மேல் வைத்துப் பார்த்து, அலமாரி சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தேன். (கண்டுபிடிச்சதோட சரி. அலமாரி இன்னும் சாய்ஞ்சுதான் நிக்குது.) ஆயுத பூஜைக்கு எல்லாம் பரணிலிருந்து இறங்கி வரும், சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு மறுபடி மேலே போய்விடும்.

நான் வலங்கைமானில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஊருக்கு நான் டீச்சர். என் மாமனாரின் தம்பி கலியமூர்த்தி, அதாவது எனக்குச் சின்ன மாமா, அவர் மட்டும் 'டீச்சரம்மா' என்பார். அந்த 'அம்மா'வில் மரியாதை மருந்துக்கும் இருக்காது. அடுத்த வீட்டிலேயே இருப்பதால் எனக்கு வரும் ஒவ்வொரு பார்சலும் அவர் கண்ணில் பட்டுத்தான் உள்ளே வரும்.

"என்ன டீச்சரம்மா, இந்தத் தடவை ஏரோப்ளேனா?" என்பார். தெருவே சிரிக்கும்.

அப்படி வந்ததுதான் ப்ளோவர். பட்டறைகளில் தூசி ஊதித் தள்ளுகிற கருவி. போனில் ஒரு வீடியோவில், ஒருவர் மேஜை நிறைய மரத்தூளை அதால் ஒரே ஊதாக ஊதித் தள்ளினார். மேஜை பளிச்சென்று ஆனது. எனக்கு மனசே குளிர்ந்துபோனது. அன்றே வாங்கிவிட்டேன்.

"மரத்தூள் எங்க இருக்கு நம்ம வீட்டுல?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வரும்ங்க."

"ரம்பத்தத் தொட்டாத்தானே வரும்?"

ப்ளோவர் பெட்டியோடு பரணுக்குப் போனது.

அந்த வருஷம் குறுவை நெல் போடவேண்டாம் என்றார் என் வீட்டுக்காரர். அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும், பேசாமல் சம்பா மட்டும் போடுவோம் என்றார். நான்தான் விடவில்லை. பம்புசெட் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, நிலத்தைச் சும்மா போடுவதா என்று பிடிவாதமாக நின்றேன். சரி என்று போட்டார். நாற்று விட்டது முதல் அறுப்பு வரை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த நெல்லுக்கு ஏதாவது ஆனால், அவர் திட்டக்கூட மாட்டார். வாழ்நாள் முழுக்க என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

நெல் நன்றாகத்தான் விளைந்தது. மெஷின் வைத்து அறுத்து, காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டி, முறைக்காகக் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் சின்ன மாமாவின் குவியல். அவருடையதை அங்கே இருந்த தூற்றுகிற மெஷினில் விட்டுப் பதரெல்லாம் போக்கி, சுத்தமான நெல்லாகப் படுதாவில் குவித்தார்கள். சாக்கில் பிடித்து எடை போடுவதுதான் பாக்கி. அடுத்தது நாங்கள். எங்கள் நெல்லில் முதல் கூடையைக் கொட்டியதும் தூற்றுகிற மெஷின் ஒரு முக்கு முக்கியது, புகைந்தது, நின்றுவிட்டது.

அதே நேரம் மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. புரட்டாசி மாதம் சாயங்கால மழை எங்கள் பக்கத்தில் சொல்லிவிட்டு வராது. நெல்லோ வெட்ட வெளியில் கிடக்கிறது.

பில் கிளார்க்கிடம் ஓடினேன். நல்ல மனுஷன்தான். "மெஷினுக்கு ஆளு நாளைக்குத்தான் வரும்மா. பதரோட எடை போட்டா என் வேலை போயிடும். கையால தூத்திக் குடுங்க, இப்பவே போட்டுடறேன்" என்றார்.

தூற்றுவதற்குக் காற்று வேண்டுமே! மழைக்கு முந்தின அந்தப் புழுக்கத்தில் ஓர் இலை அசையவில்லை. என் வீட்டுக்காரர் கூடையைத் தலைக்குமேல் தூக்கி நெல்லைச் சரித்தார். நெல்லும் பதரும் கைகோத்துக்கொண்டு ஒரே இடத்தில் விழுந்தன. இன்னொரு கூடை. அதுவும் அப்படியே. அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். பரணில் ஏறினேன். ப்ளோவர், அதோடு இதுவரை பிரிக்காத நீள வயர் சுருள் ஒன்று, இரண்டையும் காலடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

கூட்டம் கூடிவிட்டது. "டீச்சர் என்னமோ மெஷின் கொண்டாந்திருக்காங்க" என்று லோடுமேன்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். சின்ன மாமா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார். "என்னம்மா, நெல்லுக்குப் பொட்டு வைக்கப் போறியா?" என்றார்.

நான் காதில் வாங்கவில்லை. வகுப்பில் சோதனை செய்து காட்டுகிற தோரணையில், "காற்று வேகமாக அடித்தால் எடை குறைந்தது தூரப் போய் விழும்" என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். (யாரும் கேக்கல. நானா சொன்னேன்.) ப்ளோவரில் இரண்டு வாய் இருந்தது. ஒன்றில் குழாயை மாட்டினேன். இன்னொன்றில், கூடவே வந்த துணிப்பையை மாட்டினேன். பை எதற்கு என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். நான் அறிவியல் ஆசிரியை. யோசிக்கவில்லை.

நீள வயரைப் பில் கிளார்க் அறையில் சொருகி, குழாயைக் குவியலுக்குக் காட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

உய்யென்று ஒரு சத்தம். பதர் பறக்கவில்லை. நெல் பறந்தது, குழாய்க்குள்ளே! சடசடவென்று எங்கள் வீட்டு நெல்லையெல்லாம் மெஷின் உறிஞ்சிக் குடிக்கிறது. உள்ளே விசிறியில் அடிபட்டு, நெல் உமி வேறு அரிசி வேறாகப் பைக்குள் போய் விழுகிறது. எனக்கு ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோனது.

"நெல்லு விக்க வந்தியா, அரிசி அரைக்க வந்தியா?" என்று சின்ன மாமா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தவர் சும்மா இருந்திருக்கலாம். என்னதான் நடக்கிறது என்று குழாய்ப் பக்கம் குனிந்தார். தோளில் கிடந்த துண்டு நழுவியது. நழுவிய துண்டை மெஷின் லபக்கென்று பிடித்துக்கொண்டது. அவர் இழுக்க, மெஷின் இழுக்க, மெஷின் எருமை மாதிரி கத்த, அந்தப் பை வெடித்தது. உமி, தூசி, குறுநொய் எல்லாம் என் முகத்திலேயே வந்து அடித்தது.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். சின்ன மாமாவின் துண்டு பாதிதான் வெளியே வந்தது. கொள்முதல் நிலையமே சிரித்தது. பில் கிளார்க் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டால் வாயை மறைத்துக்கொண்டிருந்தார்.

"மலரு, போதும். வீட்டுக்குப் போ" என்றார் என் வீட்டுக்காரர். கோபமே இல்லாத குரல்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். தூரத்தில் இடி உருண்டது. என் பேச்சைக் கேட்டுப் போட்ட குறுவை கண்ணெதிரே நனையப்போகிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் உறைத்தது. முகத்தில் அடித்தது வெறும் உமியா? எவ்வளவு வேகமான காற்று! அப்படியென்றால் காற்று பை மாட்டிய வாய் வழியாக அல்லவா வருகிறது!

துண்டின் மிச்சத்தைப் பிடுங்கி எறிந்தேன். கிழிந்த பையை உருவிவிட்டு, குழாயைக் கழற்றி அந்த வாயில் மாட்டினேன். ஸ்விட்சை அணைத்துவிட்டு பிளக்கை மறுபடி சொருகினேன்.

"என்னங்க, கூடையத் தூக்குங்க!"

"மலரு..."

"தூக்குங்கன்னா தூக்குங்க!"

தூக்கினார். சரித்தார். நான் ஸ்விட்சைப் போட்டேன். அடேயப்பா! பதரும் கருக்காயும் வைக்கோல் துணுக்கும் புகை மாதிரி ஒரு பக்கமாகப் பறந்தன. நெல் மட்டும் பொன்னாக நேரே கீழே இறங்கியது. நான் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன்.

என் சிரிப்பைவிடப் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. "ஏம்மா! ஏம்மா! நிறுத்தும்மா! எந்நெல்லு!"

பறந்த பதரெல்லாம் போய்க் குந்திய இடம், சின்ன மாமாவின் சுத்தமான குவியல். அவர் மீசையிலும் கொஞ்சம் இருந்தது. பில் கிளார்க்கின் டீயிலும் இருந்தது.

திசையை மாற்றி நின்றேன். அதன்பிறகு என்னையும் என் வீட்டுக்காரரையும் பிடிக்க முடியவில்லை. அவர் கொட்ட, நான் ஊத, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு வேலையை வாய்ச்சண்டை இல்லாமல் சேர்ந்து செய்தது அன்றைக்குத்தான். பில் கிளார்க் ஒரு கைப்பிடி நெல்லை அள்ளிப் பார்த்தார். கையைத் தட்டினார். "இது நம்ம மெஷின்ல வர்றத விடச் சுத்தமா இருக்கே! எடை போடுங்கப்பா!" என்றார். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது இனிக்கிறது.

சின்ன மாமா வந்தார். துண்டில்லாத தோளோடு, தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். "அம்மாடி... நம்ம குவியலையும் ஒரு தடவை..."

டீச்சரம்மா போய் அம்மாடி வந்துவிட்டது! நான் விடுவேனா? "எதுக்கு மாமா? நீங்கதான் ஏற்கெனவே தூத்தியாச்சே?" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பாவம் என்று அவருக்கும் ஊதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். "டீச்சர், நமக்கும் ஒரு ஊது", "டீச்சர், அடுத்தது நானு" என்று என் பேர் அங்கே ஏலம் போனது. கை மரத்துப்போகிறவரை ஊதினேன். கடைசி மூட்டை கொட்டகைக்குள் ஏறவும், சடசடவென்று மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. அந்த மழையில் ஒரு மணி நெல் நனையவில்லை. என் வீட்டுக்காரர் மழையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "அடுத்த வருஷமும் குறுவை போடுவோம்" என்றார்.

இப்போதும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் இந்தக் கதை ஓடும். நான் பந்தலுக்குள் நுழைந்தால், "டேய், துண்டப் பிடிச்சுக்கங்கடா" என்று யாராவது கத்துவார்கள். சின்ன மாமாவும் சொல்வார். அவர் சொல்கிற கதையில், குழாயைத் திருப்பி மாட்டச் சொன்னதே அவர்தான். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் அவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கமாக வந்தார். உள்ளே புத்தம்புதிய மரம் அறுக்கிற மெஷின். அவர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு முருங்கை. கையால் ஒடித்தாலே ஒடியும்.

"எந்த மரத்த மாமா அறுக்கப் போறீங்க?"

"அது கெடக்குது. பாத்தேன், புடிச்சிருந்துச்சு. இருக்கட்டும்மா, ஒருநாளு ஒதவும்ல?"

நான் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இரண்டு பேருமாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வீட்டுக்காரி, எனக்குச் சின்ன அத்தை, அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. யாராவது காரணம் கேட்டால், "எங்க வீட்டு மனுஷன் நல்லாத்தான் இருந்தாரு" என்கிறார்களாம்.