நூறாவது சமரசம்

"பன்னிரண்டு அம்பத்தஞ்சுக்குச் சாப்பாட்டு மணி அடிக்கணும்யா. கை கழுவ அஞ்சு நிமிஷம் வேண்டாமா?" என்றார் குடைப் பட்டறையின் சங்கத் தலைவர்.

"ஒரு மணிக்குத்தான் அடிப்பேன். கை கழுவுறது அவங்கவங்க பாடு," என்றார் முதலாளி.

தொழிலாளர் ஆணையர் இருவரையும் வாஞ்சையோடு பார்த்தார். அன்று மாலை ஐந்து மணிக்கு அவருக்குப் பணி ஓய்வு. முப்பத்து நான்கு வருடத்தில் தொண்ணூற்றொன்பது தகராறுகளைப் பேசியே தீர்த்திருந்தார். நூறாவதுதான் வந்தபாடில்லை. இரண்டு வருடமாக ஊரே ஒற்றுமையாக இருந்து அவரைச் சோதித்தது. காலையில் கும்பிடும்போது, "ஆண்டவா, சின்னதா ஒரு சண்டை," என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"ஆண்டவன்கிட்ட கேக்குறதைப் பாரு!" என்று மனைவி அதட்டினாள்.

ஆனால் கேட்டது பதினோரு மணிக்கே வாசலில் வந்து நின்றது.

"ரெண்டு தடவை அடிங்க," என்றார் ஆணையர். "முதல் தடவை கை கழுவ. அடுத்தது சாப்பிட."

தலைவர் எழுந்துவிட்டார். "அப்போ மணி அடிக்கிறவரு எப்போ கை கழுவுறது? நாங்க சாப்பிடுறப்ப அவரு மட்டும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கணுமா?"

நியாயம்தான். "அவருக்கு ஒரு உதவியாள் போட்டுடலாம்."

"அவன் நேரம் தப்பி அடிச்சா யார் பொறுப்பு?" என்று முதலாளி மேசையைத் தட்டினார்.

"மணி மேற்பார்வைக் குழு வைப்போம். உங்க பக்கம் மூணு பேர், அவங்க பக்கம் மூணு பேர்."

"ஏழாவதா நடுநிலையா ஒருத்தர் வேணுமே?" என்றார் தலைவர்.

"பசி அதிகம் எடுக்காத ஆளாப் பாருங்க."

கூட வந்திருந்தவர்களை வைத்தே மூன்றரை மணிக்குக் குழு அமைந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒல்லியான தையல்காரப் பெண் ஏழாவது ஆள். நான்கு மணிக்கு, மேற்பார்வை பார்த்தால் தாங்கள் சாப்பிட முடியாது என்று குழுவே வேலைநிறுத்த அறிவிப்பைக் கொடுத்தது. தட்டச்சு செய்யும் அம்மாள் பதினோராவது தாளைக் கிழித்தாள்.

தலைவர் அடிக்கொரு தரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலே முக்கால். ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "தொண்ணூத்தொம்பதோட என்னை அனுப்பிடாதீங்கப்பா. அந்த மணியே வேண்டாம், கழட்டிடுங்க. பசிச்சவங்க போய்ச் சாப்பிடட்டும். அதுவரைக்கும் பக்கத்துல இருக்கிறவங்க அவங்க வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கட்டும்."

முதலாளியும் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது நமக்குத் தோணலையே!" என்றார் முதலாளி.

"எங்களுக்கும்தான்!" என்றார் தலைவர்.

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கையெழுத்தானது. ஆணையர் இருவரையும் கட்டிக்கொண்டார். பதிவேட்டில் நூறு என்று பெரிதாக எழுதினார். மனசுக்குள் ஆண்டவனுக்கு ஒரு நன்றியும் சொன்னார்.

வெளியே வந்ததும் முதலாளி ஸ்கூட்டரைக் கிளப்பினார். சங்கத் தலைவர் பழக்கப்பட்டவர் போலப் பின்னால் ஏறிக்கொண்டார்.

"ஐயா முகத்தைப் பார்த்தீங்களா முதலாளி?"

"பார்த்தேன். பட்டறையை மூடப் போனப்போ, ராப்பகலா ஏழு நாள் நம்மகூட உக்காந்த மனுஷன்யா அவரு."

தையல்காரப் பெண் ஸ்கூட்டர் அருகே ஓடி வந்தாள்.

"அண்ணே, நான் சேர்ந்து மூணு மாசமாச்சு. நம்ம பட்டறையில மணி எங்கண்ணே இருக்கு?"