சுடாத காலும் தார்ரோட்டு மாமாவும்

பிள்ளைகளா, தூத்துக்குடி ரோட்டில் ஓடுகிற லாரி டயர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் தார்ரோட்டு மாமாவின் பாதங்களை வைத்தால், வெட்கப்பட வேண்டியது டயர்கள்தான். இதை மறுக்கிறவர்கள் பந்தல்குடிக்கு வந்து என்னோடு மோதிப் பார்க்கலாம்.

சித்திரை மத்தியானத்தில் ரோட்டைத் தாண்ட நாய்கூட யோசிக்கும். மாமா வெறுங்காலோடு நடுரோட்டில் நின்று, தோட்டத்து மோட்டாருக்குக் கரண்டு வந்ததா என்று போனில் விசாரித்துக்கொண்டிருப்பார். லாரிக்காரர் ஹாரன் அடித்தால், "ஒதுங்கிப் போப்பா, பேசிக்கிட்டு இருக்கம்ல" என்பார்.

பங்குனிப் பூக்குழியில் எல்லோரும் கங்குமேல் நாலே எட்டில் ஓடிக் கரையேறிவிடுவார்கள். மாமா வரப்பில் போகிறமாதிரி போவார். ஒரு வருடம் நெருப்புக்கு நடுவே நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையில் நின்ற என்னிடம், "மாப்ள, பருத்தி எடுக்க ஆள் சொல்லியாச்சா?" என்று கேட்டார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. கைக்குழந்தைகளை அவர் காலடியில் கிடத்தித் திருநீறு பூசிக்கொண்டு போனார்கள்.

நம்பாத ஒரே ஆள் அவர் மனைவி, எங்கள் அத்தை. "இவுகளுக்குச் சீனி ஏறிக் கெடக்கு. மாத்திரையத் தின்னச் சொன்னா அருளு அருளுன்னு சொல்றாக."

"சாமி காரியத்துல சீனிய இழுக்காத" என்பார் மாமா.

கார்த்திகையில் ஒருநாள், அத்தை வீடு பெருக்கும்போது தரையில் வரிசையாக ரத்தப்பொட்டு. அதைப் பிடித்துக்கொண்டே போனால், மாமா கட்டிலில் உட்கார்ந்து நிம்மதியாகக் கூழ் குடித்துக்கொண்டிருக்கிறார். பாதத்துக்குள் அரை விரல் நீளத்துக்குச் சீமைக்கருவேல முள். எப்போது குத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. என்னுடைய ஷேர் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போனோம்.

கிளினிக்கில் சிஸ்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டு, "தெரியுதாய்யா?" என்று கேட்டார்.

"மொதல்ல தொடுங்கம்மா. அப்புறம் சொல்றேன்."

சிஸ்டர் தொட்டுக்கொண்டுதான் இருந்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் மறைக்கவில்லை. சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டது, புண் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரும் என்றார். இன்சுலின், சாப்பாட்டுக் கட்டுப்பாடு, புண்ணுக்குக் கட்டு. இவற்றுக்குத் துணையாகச் சில நாள் ரத்தக்குழாய் வழியாக ஆன்டிஆக்சிடன்ட் மருந்து, பாட்டிலில். உடம்புக்குள் ஏறுகிற ஒருவகைத் துருவைத் தடுக்கப் பார்க்கிற மருந்து என்று சிஸ்டர் விளக்கினார்.

"இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரியா? அப்ப அத மட்டும் அடிங்க. இன்சுலின் வேணாம்."

"கீலு இல்லாத கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சு என்னய்யா செய்ய? இன்சுலின்தான் கீலு. இது மேப்பூச்சு."

மாமா இரண்டுக்கும் கையை நீட்டிவிட்டார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. மருந்து ஏறுகிற கையை ஆட்டி ஆட்டிப் போனிலேயே தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார். குழாயில் ரத்தம் திரும்பி ஏறியது. சிஸ்டர் போனைப் பிடுங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

புண் ஆறியது. மாசிக் கடைசியில் ஒருநாள் மாமா என் ஆட்டோவை மறித்தார். டாக்டர் போடச் சொன்ன செருப்பு கக்கத்தில் இருந்தது.

"மாப்ள, ரோட்ட புதுசாப் போட்டாங்களா? சுடுது."

நேரே கிளினிக்குக்கு விடச் சொன்னார், சண்டை போட. "நல்லாருந்த கால்ல எரிச்சலக் கொண்டாந்துட்டீக. ஏத்துன மருந்த எறக்குங்க" என்று வாசலில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பாட்டில் செய்த வேலையா, இன்சுலினா, அத்தையின் கண்டிப்பா என்று டாக்டரிடம் கேட்டேன். "எது எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. எல்லாருக்கும் இப்படி உணர்ச்சி திரும்பி வராது" என்றார். உங்களுக்கும் அதற்குமேல் ஒரு சொல் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

பங்குனி வந்தது. நெருப்புப் பக்கமே போகக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஊரோ முன்வரிசையில் அவருக்கு இடம் விட்டுக் காத்திருந்தது. அத்தை அவர் வேட்டி நுனியை விடவே இல்லை.

"என்ன மாமா, அருளு எறங்கிருச்சா?" என்று ஒருவன் சீண்டினான்.

மாமா பூக்குழிக் கரையில் ஏறி நின்றார்.

"ஏப்பா, இத்தன வருசமா எனக்குச் சுடவே இல்ல. அருளுன்னு நெனச்சேன். நோயப்பா அது. சுடும்னு தெரிஞ்சும் எறங்குறீகளே, நீங்கதான் நடக்குறவுக. நான் சும்மா காலத் தூக்கி வச்சவன். கால்ல உணர்ச்சி இல்லாதவன் எவனாவது இருந்தா, பெருமை பேசாம ஆஸ்பத்திரிக்குப் போங்க."

கூட்டம் முணுமுணுத்தது. பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபது வருடப் பெயரை ஒரே மூச்சில் தன் கையாலேயே போட்டு உடைத்துவிட்டு, மாமா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

மறுநாள் காலையில் என் ஆட்டோவில் மூன்று பேர் சத்தமில்லாமல் ஏறினார்கள். மூவருக்கும் அந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டுமாம். முன்சீட்டில் பூசாரி.

இப்போதும் பொழுது சாய்ந்தால் மாமாவின் போன் வந்துவிடும். "மாப்ள, கால் வலி உசுரு போகுது. எல்லாம் ஒன்னாலதான்டா" என்று தொடங்கி அரைமணி நேரம் திட்டுவார்.

வலிக்கிறது என்று அவர் என்னைத் திட்டாத நாளில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.