ஆரோனுக்கு ஒன்பது வயது

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் பத்து வயதுக்கு உட்பட்டோர் ஷட்டில் போட்டி. கப்புக்கும் லாசரஸுக்கும் நடுவே ஒரே ஒரு தடைதான். மகன் ஆரோனுக்குப் பன்னிரண்டு வயது.

திரைச்சீலைக் கடைக்காரரான அவருக்கு நீளத்தைக் குறைப்பது புதிதா? பிறப்புச் சான்றிதழ் நகலில் ஒரு பொட்டு வொயிட்னர், அதன்மேல் ஒரு ஜெராக்ஸ். பிறந்த வருஷம் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றேழு ஆனது.

"என் வயசுப் பசங்களோடயே ஆடறேம்பா. தோத்தாலும் பரவால்ல."

"போன வருஷம் தோத்தியே, அது போதாதா? கப்பு வந்தா ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சீட்டுடா!"

ஆரோனின் மேலுதட்டில் பூனைமயிர் அரும்பியிருந்தது. லாசரஸ் ரேசரை எடுத்தார். மழித்த இடம் பளிச்சென்று வெளுத்து, மீசை இருந்த கதையை ஊருக்கே சொன்னது. பவுடர் அப்பினார். இப்போது வெள்ளை மீசை.

"ஒம்போது வயசுல ஷேவிங், நரை ரெண்டும் முடிஞ்சுது. அடுத்து பென்ஷன் வாங்கிக் குடுங்க," என்றாள் மனைவி சாராள்.

ஆரோனின் குரல் வேறு உடைந்து கரகரத்தது. "அங்க வாயத் தொறக்காத. உயரம் தெரியும், முட்டிய மடக்கியே ஆடு."

"வலிக்கும்பா."

"ஒரு நாள்தானடா!"

"ஒரு நாளுக்கும் என் வயசு பன்னெண்டுதான்," என்றான் ஆரோன்.

பதிவு மேசையில் யக்ஞநாராயணன் ஆரோனை அண்ணாந்து பார்த்தார். "ஒரிஜினல் எங்க சார்?"

"கரையான் அரிச்சிடுச்சு சார்," என்றார் லாசரஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வாய் மூடி, முட்டி மடக்கி ஆடிய ஆரோனை, பள்ளிக்கரணையிலிருந்து வந்த தௌசிப் என்ற பொடியன் இரண்டே செட்டில் மூட்டை கட்டினான். ஆரோன் சிரித்துக்கொண்டே கைகுலுக்கினான். லாசரஸ் மேசைக்குப் பாய்ந்தார்.

"அந்தப் பையன் அடிச்ச ஸ்மாஷைப் பாத்தீங்களா? அதுவா ஒம்போது வயசு? வயசுல தில்லுமுல்லு சார்! இப்பவே புகார் குடுக்கறேன். ஒரிஜினலக் காட்டச் சொல்லுங்க!"

யக்ஞநாராயணன் நிதானமாகப் புகார்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு தாள். படித்தார். அதோடு குத்தியிருந்த பழுப்புக் காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"வயசு மோசடின்னு காலைலயே ஒரு புகார் விழுந்திருக்கு சார். போட்டது உங்க வீட்டுக் கரையான்தான், ஒரிஜினலோட. கையெழுத்து: ஆரோன், ஏழாங்கிளாஸ் 'பி'."