கொண்டை ஊசி வளைவில் அணைந்த கம்ப்யூட்டர்

அடுத்தவன் தரத்தைப் பார்ப்பதே தொழிலாக இருந்தவனுக்குத் தன் தரம் மட்டும் தெரிவதில்லை. கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனியில் நான் தர ஆய்வு அதிகாரியாக இருந்தேன். மோட்டாரில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய நான், அதே பழக்கத்தில் என் மச்சினன் செந்திலின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி. என் மனைவி சரஸ்வதியின் தம்பியான செந்தில், உதிரிகளை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டித் தரும் கடையைக் காந்திபுரத்தில் புதிதாகத் திறந்திருந்தான். முதல் கம்ப்யூட்டரை அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தான். மகள் படிப்புக்கு என்று ஊருக்குச் சொன்னோம். மகள் படித்துக்கொண்டுதான் இருந்தாள், பக்கத்து அறையில், புத்தகத்தில். கம்ப்யூட்டரில் நான் கார் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தேன். (ஆபீஸ் வேலைன்னு சொல்லிக் கதவைச் சாத்திக்குவேன். ஆபீஸ் வேலைக்கு எதுக்கு இவ்வளவு எஞ்சின் சத்தம்னு யாரும் கேக்கலை.)

அந்த விளையாட்டில் ஒரு மலைப்பாதை உண்டு. கொண்டை ஊசி வளைவு வந்தால் கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துவிடும். ஒரு நொடி இருட்டு. பிறகு தானாக உயிர் பெற்று, ஒன்றுமே நடக்காததுபோல் முதலிலிருந்து ஆரம்பிக்கும். கடிதம் அடித்தால் அணையாது.

ஆராய்ச்சியில் இறங்கினேன். முதல் குற்றவாளி கிரைண்டர். நான் வேலை செய்யும்போது மாவாட்டக் கூடாதென்று உத்தரவு போட்டேன். வீட்டில் இட்லி நின்றது, கம்ப்யூட்டர் அணைவது நிற்கவில்லை. அடுத்து, பக்கத்து வீட்டு ஆழ்குழாய் மோட்டார். மதில்மேல் எட்டி, அதை நிறுத்தச் சொன்னேன். “ஏனுங்க, நாங்க குளிக்க வேண்டாமுங்களா?” என்றார் அவர். (எங்க ஊர்ல திட்டுறதுக்கும் மரியாதை உண்டு.)

மிச்சமிருந்தவன் செந்தில். வந்து பெட்டியைத் திறந்தான், உள்ளே இருந்த இணைப்புகளையெல்லாம் அசைத்துப் பார்த்தான். “எல்லாம் சரியாத்தானுங்க இருக்குது மச்சான்.”

“சரக்கு மட்டம் மாப்பிள்ளை, ஒத்துக்கோ.”

எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர்கள் வாங்கும் பேச்சு அப்போது நடந்தது. செந்திலும் விலை கொடுத்திருந்தான். அது கிடைத்தால் கடை நிற்கும். இல்லாவிட்டால் கடையை மூடிவிட்டு, உடுமலைப்பேட்டையில் அண்ணனின் தென்னந்தோப்புக்கே திரும்ப வேண்டியதுதான். மேனேஜர் என்னைக் கேட்டார். நான்தான் நேர்மையின் சிகரமாயிற்றே! “சொந்தக்காரன்தான் சார். ஆனா அவன் பூட்டுற பெட்டி வளைவுல நின்னுடுது” என்றேன். எந்த வளைவு என்று புரியாமல், ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

செந்திலையும் வரச் சொல்லியிருந்தார். அவன் முகத்தில் ஈயாடவில்லை. உட்கார்ந்து மலையை ஏறி இறங்கிக் காட்டினான். அணையவில்லை. சரஸ்வதி வீம்புக்குக் கிரைண்டரைப் போட்டாள். அப்போதும் அணையவில்லை. அவனை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே பொசுக்!

“பாத்தீங்களா சார்!” என்று வெற்றிவீரனாகத் திரும்பினேன்.

தரையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த சரஸ்வதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏனுங்க, இன்னொருக்கா ஓட்டுங்க. சார், நீங்க அந்த டிவியைப் பாக்காதீங்க. இவரு காலைப் பாருங்க.”

ஓட்டினேன். வளைவு வந்ததும் என் வலது கால், காரோட்டிய பழக்கத்தில், தானாக முன்னே போய் மேசைக்கடியில் ஓங்கி மிதித்தது. அங்கே கிடந்தது, நானே இழுத்து வைத்த எக்ஸ்டென்ஷன் பெட்டி. பிளக் ஆடியது. திரை இருண்டது.

மேனேஜர் குனிந்து பார்த்தார். “ஏனுங்க சார், இது பிரேக்குங்களா?”

“கார்லயும் இப்படித்தானுங்க” என்றாள் சரஸ்வதி. “இவரு பக்கத்துல உக்காந்து வாந்தியெடுக்காம நான் ஊட்டி போனதே இல்லீங்க.”

செந்தில் மட்டும் சிரிக்கவில்லை. “எத்தனை நாளா நான் தூங்கலைன்னு தெரியுமுங்களா மச்சான்?” என்றான்.

ஆர்டர் அவனுக்கே கிடைத்தது. எங்கள் அலுவலகத்தில் பிளக் போர்டுகளை எல்லாம் நெஞ்சுயரத்தில், சுவரில் அடித்துவிட்டுப் போனான். எதற்கு இவ்வளவு உயரம் என்று கணக்காளர் கேட்டதற்கு, “எங்க மச்சான் இங்கதானுங்களே வேலை பாக்கறாரு” என்றானாம். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சுவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போது அவனுக்கு மூன்று கடைகள். புது இடத்தில் வயர் இழுக்கும் பையன்கள் போர்டை எங்கே வைப்பதென்று கேட்டால், அளவு நாடாவையே எடுப்பதில்லை. “மச்சான் மட்டத்துல வைங்கப்பா” என்கிறான்.