ஈப்போவிலிருந்து மாமியார் வரை

இந்த வருடமும் பெண்டாட்டி நவமணியை எப்படியாவது ஜொகூருக்கு அனுப்பியே தீருவது என்று சன்னாசி சபதம் எடுத்தார். காரணம் பக்தியுமல்ல, பாசமுமல்ல. காட்டுப்பன்றி. சுங்கை சிப்புட் தோட்டத்துப் பக்கம் வேட்டைக்குப் போகும் கூட்டாளி கனகராஜ், ஒரு முழுத் தொடையை ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். நவமணி வீட்டில் இருக்கும்வரை அந்தக் கறி வாசற்படியைக்கூடத் தாண்டாது.

வருடா வருடம் அவள் ஜொகூரிலுள்ள தாய்வீடு போவாள். தூரம் அதிகம் என்பதால் பத்து நாள் தங்குவாள். சன்னாசிக்குப் பத்து நாளும் தீபாவளிதான். இந்த முறை பார்த்து, இடுப்பு வலி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார முடியாது என்று அம்மணி கையை விரித்துவிட்டாள். மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

"பஸ்ஸு எதுக்கு? ப்ளேன்ல போயேன்லா!"

"ப்ளேனா? மேலுக்கு ஏதும் முடியலையா உங்களுக்கு?"

"ஈப்போவுல ஏறுனா ஒரு மணி நேரத்துல செனாய் ஏர்போர்ட்டு. எறங்குனா ஒங்க அம்மா வீடு."

"அவ்ளோ தூரத்துக்கு ஒரு மணி நேரமா?"

"தூரமெல்லாம் ரோட்டுக்குத்தான். மேல வளைவு இருக்கா? டோல் இருக்கா? ஜாம் இருக்கா? கோடு போட்டாப்ல நேரா போவான். கச்சாங் கடலப் பாக்கெட்ட பிரிக்கிறதுக்குள்ள எறக்கி விட்டுருவான்."

"அப்ப பக்கம்தான்னு சொல்றீங்க?"

"ஆயர் தாவார்ல என் தங்கச்சி வீடு இருக்கே, அதவிட பக்கம்!"

"நெஜமாவா?"

"சத்தியமாலா!"

சூடம் அணைக்காத குறைதான். இத்தனைக்கும் சன்னாசி விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. "போற டிக்கெட்ட நீங்க போடுங்க, வர்றத நான் பாத்துக்கிறேன்" என்று நவமணி சொன்னபோது, செலவு மிச்சம் என்று மகிழ்ந்தாரே தவிர, அதற்குமேல் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை அவளைக் கண்கலங்கி வழியனுப்பினார். மத்தியானம் கனகராஜ் தொடையோடு வந்து சேர்ந்தான். சாயங்காலம் மிளகு தூக்கலாகச் சட்டி கொதித்தது. வாசனை தெருமுனை வரை போனது. அப்போதுதான் வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது.

இறங்கியது நவமணி.

"என்னாடி, ப்ளேன் போகலையா?"

"போயி, அம்மா வீட்டுல சோறு சாப்பிட்டு, திரும்பியும் வந்தாச்சு. ஒரு மணி நேரம்தானேலா! இவ்ளோ பக்கத்துல இருக்கிற வீட்டுக்குப் போயி யாராச்சும் பத்து நாளு தங்குவாங்களா?"

கனகராஜ் சொல்லாமல் கொள்ளாமல் பின்கதவு வழியாக நழுவினான். சன்னாசி கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அதற்குள் டாக்சியின் மறுபக்கக் கதவும் திறந்தது. இரண்டு பெரிய பெட்டிகளோடு மாமியார் ராக்காயி! 'வயசான காலத்துல அவ்ளோ தூரம் வேணாம் அத்தே' என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருடமும் அவரை ஜொகூரிலேயே நிறுத்தி வைத்திருந்தவர் சன்னாசி.

"இவ்ளோ பக்கம்னு மொதல்லயே சொல்லியிருந்தா எப்பவோ வந்திருப்பேனே மாப்ள!"

மூக்கை உறிஞ்சியபடி ராக்காயி நேராக அடுப்படிக்கு நடந்தார். மாமியார் சட்டியைத் திறந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி நிதானமாக மென்றார்.

"உப்பு பத்தல மாப்ள. நாளைக்குச் சரியா வைங்க."